கிளட்ச் பெடல் தரையோடு போய்விட்டதா?
வீட்டு வாசலிலேயே சரி செய்யலாம்!

விடியற்காலை 4 மணி. ராணிப்பேட்டையில் ஒரு வாடகைக் கார் டிரைவர் வண்டியில் ஏறி உட்காருகிறார். வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியை அழைத்துப் போக வேண்டும். சாவியைத் திருப்புகிறார். என்ஜின் ஓடுகிறது. கிளட்ச் பெடலை மிதிக்கிறார்.

பெடல் "பொத்"தென்று தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. திரும்பி வரவில்லை!

கியர் விழவில்லை. "கர்... கர்..." என்று பல்லைக் கடிக்கிற சத்தம்தான் வருகிறது. அன்றைய வாடகை போயிற்று. ஒர்க்‌ஷாப் திறக்க இன்னும் 5 மணி நேரம் இருக்கிறது. அதுவரை நோயாளி காத்திருக்க முடியுமா? வேறு வண்டி தேட வேண்டியதுதான்.

இவ்வளவு தொல்லைக்கும் காரணம் என்ன தெரியுமா? பெரும்பாலும் ஒரு சின்ன ரப்பர் கிண்ணம்! கட்டை விரல் நகம் அகலம்தான் இருக்கும். அது தேய்ந்துவிட்டால் ஒன்றரை டன் எடையுள்ள கார் அசையாது.

அந்தக் கிண்ணத்தை வீட்டிலேயே மாற்ற முடியுமா? முடியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒருவரும், பெடலை மிதிக்க வீட்டில் இன்னொருவரும் இருந்தால் போதும். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். தெரியாமல் இறங்கினால் வண்டியும் கெடும். உயிருக்கும் ஆபத்து.

கிளட்ச் எதற்கு?

என்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரமோ நிற்க வேண்டிய நேரத்தில் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்க்கவும் பிரிக்கவும் நடுவில் இருப்பதுதான் கிளட்ச்.

இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கைகளை இறுக்கினால் தட்டு கையோடு சேர்ந்து திரும்பும். தளர்த்தினால் கை மட்டும் திரும்பும், தட்டு நிற்கும். கார் கிளட்சும் இப்படித்தான். பெடலை மிதித்தால் பிடி தளர்கிறது. அந்த நேரத்தில் கியரை மாற்றுகிறோம்.

மாருதி 800 காரில் பெடலையும் கிளட்சையும் ஒரு கம்பி இணைக்கும். சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி. குவாலிஸ், இன்னோவா போன்ற வண்டிகளில் கம்பி கிடையாது. அதற்குப் பதில் ஆயில்!

ஆயில் எப்படித் தள்ளும்?

பெடலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குழல் உண்டு. அதற்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். கியர் பாக்ஸ் பக்கத்தில் இன்னொரு குழல். அது ஸ்லேவ் சிலிண்டர். இரண்டையும் ஒரு மெல்லிய பைப் இணைக்கிறது. உள்ளே முழுவதும் ஆயில். பெடலை மிதித்தால் மாஸ்டரில் உள்ள பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் ஓடிப்போய் ஸ்லேவில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. அது கிளட்சைத் தளர்த்துகிறது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து காட்டலாம். ஊசி போடாத புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சு இரண்டு வாங்குங்கள். இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, ஒரு மெல்லிய ரப்பர் குழாயால் இணையுங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது தானே வெளியே வரும். மூடிய திரவத்தில் ஒரு பக்கம் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17-ம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து பாஸ்கல் என்ற அறிஞர் கண்டு சொன்னார். அதுதான் இது.

மாஸ்டரின் குறுக்களவு 16 மில்லிமீட்டர், ஸ்லேவ் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாம் கொடுத்த பலம் ஸ்லேவில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும்! காலுக்கு அவ்வளவு சுகம்.

இப்போது அந்தக் குழாயில் கொஞ்சம் காற்றை விட்டுப் பாருங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே நகராது. "பொத பொத" என்று இருக்கும். தண்ணீர் சுருங்காது. காற்று சுருங்கிவிடும். இந்த ஒரு வேடிக்கையை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

தோல் கிண்ணம் செய்த வேலை

பிஸ்டனுக்கும் குழலுக்கும் நடுவே ஆயில் கசியாமல் தடுப்பதுதான் ரப்பர் கிண்ணம். மெக்கானிக்குகள் "கப்" என்பார்கள். ஆனால் ஆதியில் இது ரப்பர் அல்ல, தோல்! தோல் பதனிடுவதற்குப் பேர் போன ராணிப்பேட்டை வாசகர்களுக்கு இது சந்தோஷமான செய்தியாக இருக்கும்.

பழைய சைக்கிள் பம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பியின் நுனியில் ஒரு தோல் வாஷர், கவிழ்த்த தொப்பி போல இருக்கும். காய்ந்துவிட்டால் பம்பு அடிக்காது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு நீவினால் மறுபடி அடிக்கும். ஊர்க் கைப்பம்புகளிலும் இந்தத் தோல் வாஷர்தான் நீண்ட காலம் தண்ணீர் இறைத்தது.

1795-ம் ஆண்டில் லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் நீர் அழுத்தத்தால் இயங்கும் பெரிய அழுத்து எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எந்திரம் பெரிதுதான். ஆனால் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டது. என்ன கட்டினாலும் நிற்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி என்ற இளைஞர் ஒரு வழி கண்டுபிடித்தார் என்பார்கள். தோலைக் கிண்ணம் போல் வளைத்து, அதன் வாய் தண்ணீரைப் பார்க்கும்படி வைத்தார். தண்ணீர் அழுத்த அழுத்தக் கிண்ணத்தின் உதடு விரிந்து குழலோடு ஒட்டிக்கொண்டது. கசியப் பார்க்கும் தண்ணீரே கசிவை அடைத்தது!

கெட்டிக்கார யோசனை அல்லவா? இன்று உங்கள் காரில் உள்ள கப்பும் இதே யோசனைதான்.

பிறகு மோட்டார் கார் வந்தது. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹெட் என்பவர் ஆயிலால் இயங்கும் பிரேக்கை உருவாக்கினார். ஆகாய விமானம் செய்த லாக்ஹெட் சகோதரர்களில் ஒருவர்தான் இவர். அவரும் தோல் கப்தான் போட்டார். ஆனால் அது ஒழுகியது. 1924-ல் கிரைஸ்லர் கார் வந்தபோது அந்தக் கம்பெனி என்ஜினீயர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பர் கப் போட்டார்கள். பிரேக்குக்கு வந்த இந்த வித்தை பின்னால் கிளட்சுக்கும் வந்தது.

தோல் போனாலும் நம் பக்கத்துக்கு இதில் பங்கு இல்லாமல் போகவில்லை. டி.வி.எஸ். குடும்பமும் பிரிட்டனின் லூகாஸ் கம்பெனியும் சேர்ந்து 1962-ல் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியைத் தொடங்கின. சென்னை பாடியில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் இரும்பு வார்ப்பாலை சோளிங்கரில் அமைந்தது. 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனபோது சோளிங்கரும் இந்த மாவட்டத்தோடு சேர்ந்தது.

எங்கே ஒழுகுகிறது?

பெடல் இறங்கிவிட்டது என்றதும் புது சிலிண்டர் வாங்க ஓடக் கூடாது. முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் மாஸ்டர் போய்விட்டது. அங்கே காய்ந்திருந்தால் வண்டிக்கு அடியில் பாருங்கள். கியர் பாக்ஸ் பக்கம் ஸ்லேவின் ரப்பர் உறையை விரலால் விலக்குங்கள். உள்ளிருந்து ஆயில் சொட்டினால் கோளாறு ஸ்லேவில்.

எங்குமே ஒழுக்கு இல்லை, ஆயிலும் குறையவில்லை, ஆனால் பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால்? மாஸ்டரின் கப் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்பக்கம் நழுவுகிறது என்று அர்த்தம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

சில கார்களில் ஸ்லேவ் வெளியே இருக்காது. கியர் பாக்சுக்கு உள்ளேயே வளையமாக இருக்கும். அதை மாற்றக் கியர் பாக்சையே இறக்க வேண்டும். அது வீட்டு வாசல் வேலை அல்ல. ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள்.

இன்னொன்று. "கிளட்ச் இல்லாமலேயே ஓட்டிக் காட்டுகிறேன்" என்று முதல் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்கிற சூரர்கள் உண்டு. முத்துக்கடை நெரிசலில் இந்தச் சூரத்தனம் வேண்டாம். சில கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. கிளட்ச் ஒழுகும்போது பிரேக் ஆயிலும் குறைகிறது! பிரேக்குக்குக் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று கிளட்ச் பைப்பை டப்பாவில் உயரமாக வைத்திருப்பார்கள். அதை நம்பி ஓட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

கப் மட்டுமா, முழு சிலிண்டரா?

கடையில் கப் செட் தனியாகக் கிடைக்கும். விலை குறைவு. ஆனால் பழைய சிலிண்டரின் உட்புறம் கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தால்தான் அது பலிக்கும். விரல் நகத்தால் தடவுங்கள். நகம் எங்காவது சிக்கினால் புள்ளி விழுந்துவிட்டது, அல்லது கீறல் விழுந்துவிட்டது. அதில் புதுக் கப் போட்டாலும் சீக்கிரமே கிழியும். முழு சிலிண்டரையே மாற்றுவது மேல்.

வாடகை வண்டி வைத்திருப்பவர்கள் மாஸ்டர், ஸ்லேவ் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். இரண்டுக்கும் ஒரே வயது. ஒன்று போனால் மற்றதும் கிளம்பத் தயாராக இருக்கும். எப்போதாவது வண்டி எடுக்கும் குடும்பத்துக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

ஜாக்கியை நம்பாதே!

உயரமான வண்டிகளில் ஜாக்கி போடாமலேயே ஸ்லேவுக்குக் கை எட்டும். எட்டினால் அதுவே உத்தமம். எட்டாவிட்டால்தான் வண்டியைத் தூக்க வேண்டும்.

சமமான, கெட்டியான தரை வேண்டும். மண் தரையில் ஜாக்கி புதையும். கை பிரேக்கைப் போடுங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து அதன்மேல் வண்டியை இறக்க வேண்டும். வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. செங்கல் அடுக்கி வைப்பதும் கூடாது. செங்கல் நொறுங்கும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டு நொறுங்காது.

என்ஜின் ஆறட்டும். புகைக் குழாய் சுட்டால் தோல் உரிந்துவிடும். குழந்தைகள் வண்டிக்குள் ஏறி விளையாடக் கூடாது. ஸ்லேவைக் கழற்றி வைத்திருக்கும்போது யாராவது பெடலை மிதித்தால் உள்ளிருக்கும் பிஸ்டன் வெளியே துள்ளி விழும்!

ஸ்லேவை மாற்றும் விதம்

முதலில் பைப் நட்டைத் தளர்த்துங்கள். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பைப் நட்டுக்கென்றே உள்ள ஸ்பேனர் கடையில் கிடைக்கும். அதையே வாங்குங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள். ஆயில் அதில் சொட்டட்டும்.

பிறகு சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதன் தள்ளு கம்பி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கையில் போன் இருக்கும்போது ஞாபகசக்தியை ஏன் வருத்த வேண்டும்?

கப் மட்டும் மாற்றுகிறவர்கள் பிஸ்டனை வெளியே எடுத்து, புதிய பிரேக் ஆயிலால் மட்டுமே கழுவ வேண்டும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் படக் கூடாது. பட்டால் ரப்பர் ஊதிப்போகும். புதுக் கப்பில் ஆயிலைத் தடவி, அதன் வாய் ஆயில் வரும் பக்கம் பார்க்கும்படி உள்ளே நழுவ விடுங்கள். மாட்ஸ்லி தோல் கிண்ணத்தை வைத்தாரே, அதே விதம். திருப்பி வைத்தால் ஒரு சொட்டுகூட நிற்காது.

மறுபடி பொருத்தும்போது பைப் நட்டை முதலில் விரலால் சுற்ற வேண்டும். நாலைந்து மரை சுலபமாக ஏறிய பிறகுதான் ஸ்பேனர். எடுத்த எடுப்பில் ஸ்பேனர் போட்டால் மரை குறுக்கே ஏறி, புது சிலிண்டரும் குப்பைக்குப் போகும். பைப் முனையில் செம்பு வாஷர் இருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள்.

மாஸ்டரை மாற்றுவதும் ஏறக்குறைய இப்படித்தான். வித்தியாசம், டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு பெடலின் பின்னைக் கழற்ற வேண்டும். இடுப்பு பிடிக்கும். கழற்றும்போது பானெட்டுக்குள் சுற்றிலும் பழைய துணியைப் போடுங்கள். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் கொப்பளித்து உரியும். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

எந்த ஆயில்?

டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3 அல்லது டாட் 4. அதையே வாங்க வேண்டும். என்ஜின் ஆயில், கியர் ஆயில் எதையும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் மாஸ்டரிலிருந்து ஸ்லேவ் வரை எல்லா ரப்பரும் ஊதிக் கெடும். டாட் 5 என்பது வேறு சாதி, சிலிக்கோன். அதை இதோடு கலக்கக் கூடாது.

இந்த ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை உப்பு மாதிரி இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிதான். ஈரம் சிலிண்டரைத் துருப்பிடிக்கவும் வைக்கும். ஆகவே போன வருஷம் திறந்த பாட்டிலை இந்த வருஷம் ஊற்றாதீர்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இது. பிரேக் ஆயில் பார்ப்பதற்கு வெளிறிய சர்பத் போல் இருக்கும். அது விஷம்! மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை குடித்துவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். கண்ணில் தெறித்தால் 15 நிமிஷம் சுத்தமான தண்ணீரில் கழுவி, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"அமுக்கு!" "அமுக்கிட்டேங்க!"

இனிதான் முக்கியமான கட்டம். ஏர் எடுப்பது!

சிலிண்டரைக் கழற்றியதால் பைப்புக்குள் காற்று புகுந்திருக்கிறது. சிரிஞ்சு வேடிக்கையில் பார்த்தோமே, அந்தக் காற்று முழுவதும் வெளியேறாவிட்டால் கிளட்ச் விடுபடாது. சிலிண்டர் மாற்றியும் வண்டி சரியாகவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

ஸ்லேவில் ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். அதில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறு முனையை ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்க விடுங்கள். மேலே டப்பாவை நிரப்புங்கள். வீட்டுக்காரர் கீழே. வீட்டுக்கார அம்மா டிரைவர் சீட்டில்.

"மெதுவா அமுக்கு."

"அமுக்கிட்டேங்க."

"அப்படியே பிடிச்சுக்க. விட்டுடாதே."

கீழே இருப்பவர் நிப்பிளைத் திறக்கிறார். குமிழியும் ஆயிலும் குழாயில் ஓடுகின்றன. நிப்பிளை மூடுகிறார்.

"இப்ப விடு."

"பெடல் மேலே வரலீங்களே!"

"கையால தூக்கி விடு. மறுபடி அமுக்கு."

நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முன்னால் விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். "விடு" என்று சொல்லும்வரை விடாத ஆள்தான் சீட்டில் உட்கார வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன் இதற்கு உதவ மாட்டான்.

நாலைந்து முறைக்கு ஒரு தடவை டப்பாவைப் பாருங்கள். பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஆயில் தீர்ந்து காற்றை உறிஞ்சிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து! குமிழி இல்லாமல் தெளிவான ஆயில் வந்தால் வேலை முடிந்தது. பெடல் கெட்டியாக இருக்கும்.

துணைக்கு ஆள் இல்லையா? பல வண்டிகளில், டப்பாவை நிரப்பி நிப்பிளைத் திறந்து வைத்தால், ஆயில் தானே சொட்டிக் காற்றையும் வெளியேற்றும். நேரம் ஆகும். டப்பா காலியாகாமல் கூடவே காவல் இருக்க வேண்டும்.

தெருவுக்குப் போகும் முன்

பெடலை ஒரு விரலால் லேசாக அழுத்துங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். பல கார்களில் இது 5 முதல் 15 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் அளவு அதன் புத்தகத்தில் இருக்கும். தளர்வே இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே நின்று, பிளேட் கருகிவிடும். புதுக் கப் போட்ட சந்தோஷத்தில் இதை மறந்தால் பிளேட்டுக்குப் பல மடங்கு செலவு.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குங்கள். என்ஜினை ஓட விட்டு, பெடலை முழுவதும் மிதித்து, சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் சரியாக விடுபடுகிறது. முதலில் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நெடுஞ்சாலைக்குப் போகலாம். மூன்றாம் நாள் டப்பாவில் ஆயில் அளவையும், ஸ்லேவின் ரப்பர் உறையையும் மறுபடி ஒரு முறை பாருங்கள்.

பாட்டிலில் பிடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டிவிடாதீர்கள். குரோமியக் கழிவால் ராணிப்பேட்டை நிலத்தடி நீர் பட்ட பாடு போதும். பாட்டிலை இறுக மூடி, "விஷம்" என்று எழுதி ஒட்டி, பழைய ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். என்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.